என்.ஆர்.எல். இருபதாவது அணி: கிறைஸ்ட்சர்ச்சா, இப்ஸ்விச்சா?

ஆஸ்திரேலியாவின் தொழில்முறை ரக்பி லீக் போட்டியான என்.ஆர்.எல்.-இல் 2023 முதல் 17 அணிகள். 2027-இல் பெர்த் பேர்ஸ் வருகிறது. 2028-இல் பப்புவா நியூ கினியின் சீஃப்ஸ். ஆக 19. ஒற்றைப்படை எண்ணிக்கை என்றால் எல்லா வாரமும் ஏதாவது ஓர் அணி ஆட்டமின்றி உட்கார்ந்திருக்கும். அதனால் இருபதாவது அணி வருமா என்று யாரும் கேட்பதில்லை, எந்த ஊருக்கு என்பதில்தான் அடிதடி. பேச்சில் அடிபடும் ஊர்கள்: நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச், வெலிங்டன், பிரிஸ்பேனுக்கு மேற்கே இப்ஸ்விச், சிட்னிக்கு வடக்கே சென்ட்ரல் கோஸ்ட், அவ்வப்போது அடிலெய்டு.

என் வாக்கு கிறைஸ்ட்சர்ச்சுக்கு. இப்ஸ்விச் தரப்பு வாதம் பலவீனமானது என்பதால் அல்ல. பல விஷயங்களில் இப்ஸ்விச்தான் முன்னால் நிற்கிறது. அதையும் கீழே மறைக்காமல் சொல்கிறேன்.

ரக்பி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பக்கத்துக்கு 15 பேர் ஆடும் ரக்பி யூனியன். இங்கே பேசுவது 13 பேர் ஆடும் ரக்பி லீக்: எதிரணி ஆறு முறை பிடித்து நிறுத்துவதற்குள் (ஆறு டேக்கிள்) புள்ளி எடுக்காவிட்டால் பந்து எதிரணிக்குப் போகும் ஆட்டம். இரண்டும் ஒரே ரசிகருக்காகவும் ஒரே இளம் ஆட்டக்காரருக்காகவும் போட்டி போடுகின்றன. நியூசிலாந்தைப் பற்றிப் பேசும்போது இதை மறந்தால் கணக்கு தப்பும்.

முன்பு செத்த அணிகள்

20 என்பது புது எண் அல்ல. 1995-இல் ஒரே மூச்சில் நான்கு அணிகளைச் சேர்த்து 16-ஐ 20 ஆக்கினார்கள்: ஆக்லாந்து வாரியர்ஸ், டவுன்ஸ்வில்லின் நார்த் குயின்ஸ்லாந்து கவ்பாய்ஸ், பிரிஸ்பேனின் சவுத் குயின்ஸ்லாந்து க்ரஷர்ஸ், பெர்த்தின் வெஸ்டர்ன் ரெட்ஸ். 1997 முடியும்போது பின்னிரண்டும் இல்லை. அதே 1997-இல் ஹன்டர் மரினர்ஸ் ஒரே ஒரு பருவம் ஆடி மறைந்தது. அடிலெய்டு ராம்ஸ் 1997, 1998 என இரண்டு பருவங்களோடு சரி. 1998-இல் என்.ஆர்.எல். தொடங்கியபோதும் 20 அணிகள் இருந்தன, அவற்றில் 11 சிட்னி நகருக்குள்ளேயே. 2000-இல் 14 ஆகச் சுருங்கிவிட்டது.

அந்தச் சாவுகளுக்கெல்லாம் சூப்பர் லீக் சண்டையைக் காரணம் சொல்வது வழக்கம். சூப்பர் லீக் என்ற எதிர்ப் போட்டியால் 1995-இல் வெடித்த சண்டை அது. 1997-இல் போட்டியே இரண்டாகப் பிளந்து, ஆட்டக்காரர் சம்பளம் தாறுமாறாக ஏறியது உண்மைதான். ஆனால் அதே சூறாவளியில் கவ்பாய்ஸும் வாரியர்ஸும் தப்பிவிட்டன. இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு: ஒரு பெரிய நிலப்பரப்புக்கு ஒரே அணி. க்ரஷர்ஸோ, ஏற்கெனவே ப்ராங்கோஸ் ஆண்ட நகரத்தில் இரண்டாவது கடையாகத் திறந்தது.

பெர்த்தின் கதை வேறு. வெஸ்டர்ன் ரெட்ஸைச் சேர்த்துக்கொள்ளப் போட்ட நிபந்தனையே விஷம்: பெர்த்துக்கு ஆட வரும் எதிரணிகளின் விமானச் செலவையும் ரெட்ஸே ஏற்கவேண்டும். சிட்னியிலிருந்து பெர்த் சுமார் 3,300 கிலோமீட்டர். தான் போகும் பயணத்துக்கும் காசு, தன்னிடம் வருபவர்களின் பயணத்துக்கும் காசு. இருபது ஆண்டு கழித்து இங்கிலாந்தின் சூப்பர் லீகில் டொரன்டோ உல்ஃப்பேக் ஏறக்குறைய இதே வலையில் விழுந்தது. கனடாவிலிருந்து ஆடிய அந்த அணிக்கு மத்திய ஒளிபரப்புப் பணத்தில் பங்கில்லை. வருபவர்களின் செலவும் அதன் தலையில். 2020-இல் கொரோனா வந்ததும் பருவத்தின் நடுவிலேயே விலகிவிட்டது. தூரத்தின் விலையைப் புது அணி மட்டும் தனியே கட்டவேண்டும் என்று எழுதிய உரிமம் எதுவானாலும் அது நீண்டநாள் நிற்காது. இருபதாவது உரிமத்தை யாருக்குக் கொடுத்தாலும் முதலில் பார்க்கவேண்டிய பக்கம் இதுதான்.

மெல்பர்ன் ஸ்டார்ம் ஏன் பிழைத்தது என்பதையும் பார்க்கலாம். ஆஸ்திரேலியன் ஃபுட்பால் கொடிகட்டிப் பறக்கும் நகரம். ரக்பி லீகின் வேர் என்று அங்கே சொல்லிக்கொள்ள எதுவுமில்லை. 1998-இல் முதல் ஆட்டம், 1999-இலேயே கோப்பை. மாயம் ஒன்றும் இல்லை. மூடப்பட்ட பெர்த்திலிருந்து ராபி கியர்ன்ஸ், ராட்னி ஹௌ, மேட் கெயர். மூடப்பட்ட ஹன்டரிலிருந்து பிரெட் கிம்மர்லி, ராபி ராஸ், ஸ்காட் ஹில். சமைத்து வைத்த அணி அப்படியே கிடைத்தது. கூடவே நஷ்டத்தைப் பல ஆண்டுகள் தாங்கிக்கொண்ட உரிமையாளராக ஊடக நிறுவனமான நியூஸ் லிமிடெட். இன்று எந்த அணியும் மூடப்படப் போவதில்லை, ஆகவே முதல் வசதி யாருக்கும் கிடைக்காது. இரண்டாவது, அதாவது பொறுமையான பணம், கட்டாயம் வேண்டும்.

பெர்த்துக்கும் பப்புவா நியூ கினியின் தலைநகர் போர்ட் மோர்ஸ்பிக்கும் அந்தப் பணத்தை அரசுகள் தருகின்றன. மேற்கு ஆஸ்திரேலிய மாநில அரசு 7 ஆண்டுகளில் 6.5 கோடி டாலர். பப்புவா நியூ கினி அணிக்கும் பசிபிக் தீவுகளில் ஆட்டத்தை வளர்ப்பதற்கும் சேர்த்து ஆஸ்திரேலியக் கூட்டாட்சி அரசு 10 ஆண்டுகளில் 60 கோடி டாலர். இந்த இரண்டாவது, விளையாட்டுக் கணக்கைவிட வெளியுறவுக் கணக்கு என்பது ஊரறிந்தது. பசிபிக்கில் சீனாவின் செல்வாக்கு இல்லையென்றால் இந்தத் தொகை வந்திருக்காது. அதற்காக அந்த அணியைக் குறைத்துப் பேசவும் முடியாது. ரக்பி லீகைத் தேசிய விளையாட்டாகக் கொண்டாடும் நாடு. அதன் ஹன்டர்ஸ் அணி 2014 முதல் மாநில நிலைப் போட்டியான குயின்ஸ்லாந்து கோப்பையில் ஆடி, 2017-இல் அதை வென்றும் காட்டியது.

வாரத்தில் இடம் எங்கே?

எல்லாரும் வரைபடத்தைப் பார்த்து ஊர் தேர்ந்தெடுக்கிறார்கள். பார்க்கவேண்டியது கடிகாரத்தை.

என்.ஆர்.எல்.-இன் வருமானத்தில் பெரும்பங்கு ஒளிபரப்பு உரிமை. அதன் மதிப்பு ஒரு பழக்கத்தில் நிற்கிறது: ஒரு சுற்றின் எட்டு ஆட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாக, தனித்தனி நேரத்தில். சிட்னி நேரப்படி வியாழன் இரவு ஒன்று. வெள்ளி மாலை 6 மணிக்கும் இரவு 8 மணிக்கும். சனிக்கிழமை 3, 5.30, 7.30 என மூன்று. ஞாயிறு 2 மணிக்கும் 4 மணிக்கும். 18 அணி என்றால் ஒன்பது ஆட்டம். 20 என்றால் பத்து. அந்த இரண்டு கூடுதல் ஆட்டங்களை எங்கே வைப்பது? இருக்கும் ஆட்டத்தின் மேலேயே இன்னொன்றை வைத்தால் இரண்டுக்கும் பார்வையாளர் பாதியாகும். அப்புறம் புது அணியால் உரிமத்தின் விலை ஏறவே ஏறாது.

பெர்த் இதில் ஒரு விடை. குளிர்காலத்தில் சிட்னிக்கு 2 மணி நேரம் பின்னால் (மார்ச்சில் 3 மணி). ஞாயிறு மாலை 4.15-க்கு பெர்த்தில் தொடங்கினால் சிட்னியில் 6.15, மற்ற ஆட்டங்கள் முடிந்து காலியாகக் கிடக்கும் நேரம். நியூசிலாந்து மறுமுனை. சிட்னிக்கு 2 மணி நேரம் முன்னால். சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு கிறைஸ்ட்சர்ச்சில் தொடங்கும் ஆட்டம் சிட்னியில் 1 மணிக்கு. அங்கேயும் இப்போது ஒன்றும் இல்லை.

வெள்ளி மாலை 6 மணி ஆட்டம் இன்னும் சுவையான விஷயம். சிட்னி கிளப்புகளுக்கு அது சாபம். அலுவலகம் விட்டு, நெரிசலில் ஊர்ந்து, மைதானம் சேர்வதற்குள் முதல் பாதி முடிந்துவிடும். அதே நேரம் நியூசிலாந்தில் இரவு 8 மணி, வெள்ளிக்கிழமையின் பொன்னான நேரம். ஆனால் ஒரு நியூசிலாந்து அணி மட்டும் இருந்தால் சொந்த மண்ணில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் ஆடும். இரண்டு அணிகள் இருந்தால் அட்டவணையை மாற்றி மாற்றிப் போடலாம்: இந்த வாரம் ஆக்லாந்து, அடுத்த வாரம் கிறைஸ்ட்சர்ச். பருவம் முழுக்க அந்த நேரம் நியூசிலாந்துக்கே நிரந்தரமாகிவிடும். ஒளிபரப்பாளர் காசு கொடுப்பது இப்படிப்பட்ட நிரந்தரத்துக்குத்தான். நியூசிலாந்து உரிமையைத் தனியே வாங்கும் அங்குள்ள ஸ்கை நிறுவனத்துக்கும் வாரந்தோறும் உள்ளூர் ஆட்டம் ஒன்று உறுதியாகக் கிடைக்கும்.

இப்ஸ்விச் இந்தக் கணக்கில் எதையும் புதிதாகக் கூட்டாது. பிரிஸ்பேனும் சிட்னியும் குளிர்காலத்தில் ஒரே நேரம். போர்ட் மோர்ஸ்பியும் அதே நேரம்தான், அது வேறு காரணத்துக்காக வந்தது.

அட்டவணையில் இன்னொரு நுட்பம். ஓர் அணி பருவத்துக்கு 24 ஆட்டம் ஆடுகிறது. 17 அணி இருக்கையில் மற்ற 16 அணிகளையும் ஒருமுறை சந்தித்த பிறகு மீதம் 8 ஆட்டம், இரண்டாம் முறை சந்திக்க. 20 அணி ஆனால் மீதம் 5 மட்டுமே. ஒரே நகரப் பகையாளிகள் வருடத்துக்கு இருமுறை மோதினால்தான் அரங்கு நிறையும். அந்த ஐந்தைப் பங்கிடுவதில் சிட்னி கிளப்புகளுக்குள்ளேயே இழுபறி வரும். இப்ஸ்விச் வந்தால் பிரிஸ்பேன் அணிகள் தங்களுக்குள்ளேயே ஆளுக்கு இரண்டைச் செலவழித்துவிடும். நியூசிலாந்துக்கு ஒரே ஓர் இரட்டை மோதல் போதும்.

மைதானம்

2011 பிப்ரவரி நிலநடுக்கத்தில் கிறைஸ்ட்சர்ச்சின் லங்காஸ்டர் பார்க் பாழானது. அதற்குப் பிறகு பத்தாண்டுக்கும் மேலாக நகரத்தின் பெரிய ஆட்டங்கள் அடிங்டனில் ஒரு தற்காலிக மைதானத்தில்தான் நடந்தன. வேடிக்கை என்னவென்றால் அது ரக்பி லீகின் இடம். யூனியனின் க்ரூசேடர்ஸ் அணிதான் அங்கே ஒண்டிக்கொண்டது. இப்போது 68.3 கோடி நியூசிலாந்து டாலர் செலவில் நகர மையத்தில் டெ காஹா மைதானம். 30,000 இருக்கை, செவ்வக வடிவம், ஒளி ஊடுருவும் நிரந்தரக் கூரை, கீழே புல்தரை. தெற்குத் தீவின் ஜூலை இரவில் கூரை எவ்வளவு பெரிய விஷயம் என்பது அங்கே திறந்த அரங்கில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். தெற்கே 360 கிலோமீட்டரில் டனீடன் நகரத்தில் இதே மாதிரிக் கூரையிட்ட மைதானம் 2011 முதல் இருக்கிறது. வருடத்துக்கு ஓர் ஆட்டத்தை அங்கே கொண்டுபோனால் அணி ஒரு நகரத்துடையதாக இல்லாமல் தீவுக்கே உரியதாகும்.

செவ்வகம் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அடிலெய்டு ஓவல் 50 ஆயிரத்துக்கு மேல் கொள்ளும் அழகான மைதானம். ஆனால் கிரிக்கெட்டுக்கும் ஆஸ்திரேலியன் ஃபுட்பாலுக்கும் அமைந்த நீள்வட்டம். 100 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்ட லீக் களத்தை நடுவில் வரைந்தால் முதல் வரிசை ரசிகருக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு வெட்டவெளி. இரு மாநிலங்கள் மோதும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் மாதிரி வருடத்தில் ஒருநாள் திருவிழாவுக்கு அது பொறுக்கும். 12 வாரம் பொறுக்காது. ராம்ஸ் அணியின் முதல் சொந்த மண் ஆட்டத்துக்கு 27 ஆயிரத்துக்கு மேல் கூட்டம் வந்தது. முதல்நாள் கூட்டத்தை வைத்து எந்த ஊரையும் மதிப்பிடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. வெலிங்டனின் பெரிய மைதானத்துக்கும் வட்ட வடிவமே கேடு. கூரையில்லாத அரங்கில் அந்த ஊர்க் காற்று வேறு.

இப்ஸ்விச்சின் சிக்கல் எதிர்ப்பக்கம். நார்த் இப்ஸ்விச் ரிசர்வ் மாநில நிலை ஆட்டத்துக்குப் போதும், என்.ஆர்.எல்.-க்குப் போதாது. ஆகவே பிரிஸ்பேனின் சன்கார்ப் மைதானம்தான். 52,500 இருக்கை, ரக்பி லீகுக்கு உலகிலேயே சிறந்த அரங்கங்களில் ஒன்று. ஆனால் ப்ராங்கோஸ், டால்ஃபின்ஸ், யூனியனின் ரெட்ஸ், கால்பந்தின் ரோர், ஒரு சுற்றின் எல்லா ஆட்டமும் ஒரே அரங்கில் நடக்கும் வருடாந்திர மேஜிக் ரவுண்ட், இடையிடையே இசை நிகழ்ச்சிகள் என்று அந்தப் புல்லுக்கு ஏற்கெனவே ஓய்வில்லை. இன்னும் 11, 12 ஆட்டம் ஏற்றினால் ஆகஸ்டில் தரை பெயர ஆரம்பிக்கும், முழங்கால் காயங்களும் கூடவே வரும். தவிர, இப்ஸ்விச் பேரைச் சுமந்துகொண்டு இப்ஸ்விச்சில் ஆடாத அணியை இப்ஸ்விச்காரர்கள் எவ்வளவு நாள் தங்களுடையது என்பார்கள்?

சென்ட்ரல் கோஸ்டில் சுமார் 20,000 இருக்கையோடு நல்ல மைதானம் ஆயத்தமாக இருக்கிறது. ஆனால் சிட்னியில் இப்போதே எட்டு கிளப்புகள், பாதி சிட்னி பாதி வுலங்காங் என்று ஒன்பதாவதாக டிராகன்ஸ், வடக்கே நியூகாசில். அங்கே இருப்பவர்கள் ஏற்கெனவே ஏதோ ஓர் அணியின் ரசிகர்கள், ஏற்கெனவே சந்தா கட்டிப் பார்ப்பவர்கள். புதுப் பணம் வராது. அதோடு விட்டுவிடலாம்.

ஆட்டக்காரர்கள்

ஓர் அணியின் முதன்மைப் பட்டியல் 30 பேர். 17 அணிக்கு 510, 20 அணிக்கு 600. கூடுதல் 90 பேர் எங்கே என்று கேட்பவர்கள் தவறான கேள்வி கேட்கிறார்கள். முன்வரிசை ஆட்டக்காரருக்குப் பஞ்சமில்லை. பஞ்சம், ஆட்டத்தை நடத்தும் நான்கு இடங்களுக்கு: ஃபுல்பேக், ஃபைவ்-எய்த், ஹாஃப்பேக், ஹூக்கர். லீக் வட்டாரத்தில் ஸ்பைன் என்பார்கள். மூன்று புது அணி என்றால் 12 பேர், மாற்று ஆட்களையும் சேர்த்தால் இருபது. இவர்கள் சந்தையில் விற்பனைக்கு இருப்பதில்லை. நல்ல ஹாஃப்பேக் கையில் இருக்கும் கிளப் விடவே விடாது. டால்ஃபின்ஸ் 2023-இல் வந்தபோது மெல்பர்னிலிருந்து ப்ராம்விச் சகோதரர்களையும் ஃபெலிசே காவுஃபுசியையும் கொண்டுவந்தது. மூவருமே முன்கள ஆட்டக்காரர்கள். பேர்பெற்ற வேய்ன் பென்னெட் பயிற்சியாளராக இருந்தும், முதல் ஆட்டத்தில் சிட்னி ரூஸ்டர்ஸை 28-18 என்று வீழ்த்தியும், அந்த ஆண்டு முடிவில் 13-ஆம் இடம்தான்.

நியூசிலாந்தில் இளம் ஆட்டக்காரர்கள் குறைவில்லை. அவர்களுக்கு வாசல்தான் ஒன்றே ஒன்று, வாரியர்ஸ். அதில் இடம் கிடைக்காதவர்கள் பதினாறு, பதினேழு வயதிலேயே சிட்னிக்கோ பிரிஸ்பேனுக்கோ போகிறார்கள், அல்லது யூனியன் பக்கம் சாய்கிறார்கள். இரண்டாவது வாசல் திறந்தால் ஐந்தாறு வருடத்தில் பலன் தெரியும். கூடுதல் அனுகூலம்: நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் மோதும் ஆரிஜின் வாரங்களில் நியூசிலாந்து அணி அதிகம் பேரை இழக்காது.

இதில் இப்ஸ்விச் முன்னால் நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். லீக் நட்சத்திரங்களான ஆலன் லாங்கரும் வால்டர்ஸ் சகோதரர்களும் வளர்ந்த ஊர். ஜெட்ஸ் அணி குயின்ஸ்லாந்து கோப்பையில் இருக்கிறது. அதாவது இந்த வாரம் ஆடாத பத்துப் பன்னிரண்டு பேர் சனிக்கிழமை ஆட ஓர் இடம், அரை மணி தூரத்தில். பெர்த்துக்கு அது இல்லை. பழைய சிட்னி கிளப்பான நார்த் சிட்னி பேர்ஸோடு பெர்த் இணைந்ததற்குப் பழம்பெருமை பாதிக் காரணம் என்றால், நியூ சவுத் வேல்ஸ் கோப்பையில் ஆடும் ஆயத்தமான இரண்டாம் அணி மறுபாதி. கிறைஸ்ட்சர்ச்சும் இதற்கு விடை சொல்லியாகவேண்டும். வாரியர்ஸ் செய்வதுபோல நியூ சவுத் வேல்ஸ் கோப்பையில் இன்னோர் அணியை இறக்கலாம். ஆனால் வாரம் விட்டு வாரம் 20 பேருக்கு மேல் கடல் தாண்டும் செலவு அது. முதல் இரண்டு வருடம் வாரியர்ஸின் இரண்டாம் அணியோடு பங்கு போட்டுக்கொள்வது மலிவு, ஆனால் எந்தப் பயிற்சியாளரும் தன் ஆட்டக்காரனை அடுத்தவன் திட்டப்படி ஆடவிடச் சம்மதிக்கமாட்டார். தனியணியே சரி.

நாணயமும் கடிக்கும். ஒரு கிளப் தன் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கக்கூடிய மொத்தச் சம்பளத்துக்கான வரம்பு ஆஸ்திரேலிய டாலரில். நுழைவுச்சீட்டும் ஸ்பான்சரும் நியூசிலாந்து டாலரில், அது பெரும்பாலும் மதிப்பில் கீழே. அதோடு வரி. பப்புவா நியூ கினி தன் அணியினருக்கு வருமான வரி விலக்கு அளிக்கிறது. ஆண்டுக்கு 5 லட்சம் டாலர் வாங்குபவர் ஆஸ்திரேலியாவில் வரி போக ஏறக்குறைய 3 லட்சம் பார்ப்பார். போர்ட் மோர்ஸ்பியில் குடியேறி ஆடினால் முழு ஐந்தும் கையில். வரம்பு எல்லாருக்கும் ஒன்றே என்பது காகிதத்தில் மட்டும். இதற்குப் பிறகு வரும் இருபதாவது அணி, வீடு, குடும்பப் பயணம் போன்ற செலவுகளுக்கு வரம்புக்கு வெளியே சலுகை கேட்டால் கேட்பது நியாயம்.

நவம்பர் 1

என்.ஆர்.எல். விதிப்படி, அடுத்த ஆண்டு இறுதியில் ஒப்பந்தம் முடியும் ஆட்டக்காரர் இந்த ஆண்டு நவம்பர் 1 முதல்தான் வேறு கிளப்போடு பேசலாம். டால்ஃபின்ஸுக்கு உரிமம் அறிவித்தது 2021 அக்டோபர் 13. சந்தை திறந்தது 19 நாளில். தலைமை நிர்வாகி, ஆள் சேர்ப்பவர், மருத்துவக் குழு எல்லாம் அமைவதற்குள் பெரிய பெயர்கள் கைநழுவின. பெர்த்துக்கு 2025 மே மாத அறிவிப்பு, ஏறக்குறைய ஆறு மாத அவகாசம். பப்புவா நியூ கினிக்கு 2024 டிசம்பர் அறிவிப்பு, கிட்டத்தட்ட இரண்டு வருடம்.

நடப்பு ஒளிபரப்பு ஒப்பந்தம் 2027 பருவத்தோடு முடிகிறது. இருபதாவது அணி எது என்று அடுத்த ஒப்பந்தத்தைப் பேசும்போதே மேசையில் வைத்தால் அதற்கு விலை கிடைக்கும். கையெழுத்தான பின் சேர்த்தால் அது இனாம். ஒவ்வொரு கிளப்புக்கும் லீக் தரும் ஆண்டு மானியம் சம்பள வரம்பைவிட அதிகம், வரம்பே ஒரு கோடி டாலருக்கு மேல். புது அணி அவ்வளவையும் புதிதாகக் கொண்டுவராவிட்டால் மற்ற 19 கிளப்புகளின் பங்கிலிருந்துதான் போகும், அவர்கள்தான் முதலில் முணுமுணுப்பார்கள்.

2030-இல் முதல் ஆட்டம் என்று வைத்துக்கொண்டால் சந்தை திறப்பது 2028 நவம்பர் 1. உரிமம் அந்த ஆண்டு மார்ச்சுக்குள் கையில் இருக்கவேண்டும். ஏப்ரலில் தலைமை நிர்வாகியும் ஆள் சேர்ப்பவரும், ஜூனுக்குள் பயிற்சியாளர், செப்டம்பருக்குள் பயிற்சிக் களமும் உடற்பயிற்சிக் கூடமும் எங்கே என்ற முடிவு. 19 வயதுக்குட்பட்டோர் அணியை 2029-இலேயே களத்தில் இறக்கவேண்டும். உரிம ஒப்பந்தத்தில் இரண்டு வரி தவறக்கூடாது: எதிரணிகளின் பயணச் செலவு லீகின் பொதுக் கணக்கில், முதல் ஐந்து வருட நஷ்டத்துக்கு உரிமையாளரின் வங்கி உத்தரவாதம். இரண்டாவது வரிக்குக் கையெழுத்திடக் கிறைஸ்ட்சர்ச்சில் ஆளில்லை என்றால், உரிமத்தைத் தயங்காமல் இப்ஸ்விச்சுக்குக் கொடுத்துவிடலாம்.